சோதனையில் தேறிய பெல்ட்

எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரத்தில் கிளை கழிக்க இன்று காலை சேட்டுவின் ஆட்கள் வந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்பாக சத்துவாச்சாரியில் ஆண்டுதோறும் நடக்கிற வேலைதான். ஏறுவதற்கு முன் இடுப்புப் பெல்ட்டுகளை என் வாசல் கேட்டில் வரிசையாக மாட்டினார்கள். பக்கத்து வீட்டு நாய் வந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. அக்கறை கொள்ளத்தக்கது எதுவுமில்லை என்று முடிவு செய்து, கேட்டின் காலில் தன் கடமையை முடித்துக்கொண்டு போய்விட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் நானும் போய் முகர்ந்தேன். நைலானுக்கு வாசனை என்று ஒன்று கிடையாது. அவை உன் பெல்ட்டுகளாக இருந்திருந்தால் அந்த நாய் மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் விளக்கெண்ணெயும் சேர்ந்த அந்த வாசனை உன் பட்டறையில் இருந்தது, உன் புடவைகளில் இருந்தது, ரம்ஜானுக்கு நீ அனுப்பும் பலகார டப்பாவில்கூட இருந்தது. உன் மருமகள்கள் அதைப் போக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். நீ மசியவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதில் வராது என்பது ஒரு பக்கம். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத இடத்தில் மனிதர்கள் கண்டபடி உருகிவிடுகிறார்கள் என்பதுதான் பெரிய ஆபத்து. ஆகவே நீ எதிரில் உட்கார்ந்து உதட்டைச் சுழித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் உருகினால் நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் அறிவேன்.

சென்னையில் கல்லூரி விடுதியில் நம் இருவருக்கும் ஒரே அறை கிடைத்தது வார்டனின் பிழை. ஆம்பூர்த் தோல் மண்டிக்காரர் மகளையும் வேலூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் மகளையும் ஒரே அறையில் போட்டால் ஒன்றுக்கொன்று அடங்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நீ வேதியியல், நான் தாவரவியல். முதல் மழை விடுமுறையில் கடுக்காயைத் தட்டி ஊறவைத்து, துருப்பிடித்த ஆணிகளை அதில் போட்டு, மை செய்தோம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்று புத்தகம் சொன்னதை நம்பாமல் செய்து பார்த்தோம். நல்ல கறுப்புதான். அது உன் படுக்கை விரிப்பில் கொட்டியது. எத்தனை முறை துவைத்தும் கறை போகவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கறை இருந்த இடம் மட்டும் உளுத்து, விரலால் தொட்டதும் பொடியாகி, விரிப்பின் நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது. "இது மை இல்லடி, கரையான்" என்றாய்.

பிறகு நீ ஆம்பூருக்கே மணமாகிப் போனாய். உன் வீட்டுக்காரர் தோல் பதனிடும் குடும்ப டேனரியை அண்ணன்மார்களிடம் விட்டுவிட்டு, குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பெயர் அவருடையது, தையலை மேற்பார்த்தது நீ. நான் வேலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தேன். வளாகத்து மரங்களுக்கும் என்னையே பொறுப்பாக்கினார்கள். ஓய்வு பெற்ற பின்னும் மரங்களுக்காக மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மரங்கள் வழியாகத்தான் சேட்டு நம் இருவர் வாழ்க்கைக்குள்ளும் வந்தான்.

ஒரு சனிக்கிழமை நீ என்னோடு சாப்பிடக் கல்லூரிக்கு வந்திருந்தாய். விளையாட்டு மைதானத்து ஓரத்தில் மரம் கழிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. சேட்டு அப்போது கல்யாணமாகாத இளைஞன், பார்க்க ஒல்லி, ஏறும்போது அணில். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் தென்னங்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். இறங்கி வந்தபோது இடுப்பில் சிவப்பாக ஒரு வரி. உனக்கு அது பொறுக்கவில்லை.

"இது இன்னாடா, மாட்டக் கட்ற மாரி?" என்றாய்.

"மாடு மேலருந்து வுழாது பாயம்மா. நான் வுழுவேன். அதான் கட்டிக்கினேன்."

"குதிரைக்குத் தைக்கிறேன், உனக்குத் தைக்க மாட்டேனா?"

"தெச்சுக் குடுங்க. குதிரைக்கு வாலு வுட ஒரு எடம் வுடுவீங்களே, அத மட்டும் மூடிடுங்க."

நீ அந்த இடத்திலேயே ஒரு சணல் நூலால் அவன் இடுப்பை அளந்தாய். அடுத்த மாதம் பெல்ட்டுகள் வந்தன, அவன் குழுவில் ஏறுகிற அனைவருக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட எருமைத் தோல். முதுகுப் பக்கம் உள்ளங்கை அகலம். இரண்டு பக்கமும் தோலை மடித்து, மடிப்புக்குள் இரும்பு வளையம் வைத்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல். மரத்தண்டைச் சுற்றி வரும் கயிறு ஒரு வளையத்திலிருந்து கிளம்பி மறுவளையத்தில் மாட்டிக்கொள்ளும். ஏறுகிறவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் வேலைக்கு விடலாம். இப்படி ஓர் அழகான பொருளை நான் அதற்கு முன்பு என் மாணவிகளின் திருமணங்களில்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஆட்களிடம் சில வழக்கங்கள் இருந்தன; உனக்கு அவை மிகவும் பிடித்துப்போயின. மேலே இருப்பவனிடம் கீழிருந்து ஒரே ஒருவன்தான் பேசுவான். அது கன்னியப்பன். வேறு யார் பேசினாலும், அது கல்லூரி முதல்வராகவே இருந்தாலும், மரத்தின் மேல் இருப்பவன் காதில் வாங்கமாட்டான். ரம்பத்தைக் கையில் எடுத்தால் இரண்டு கயிறு இருக்க வேண்டும்: தண்டைச் சுற்றி ஒன்று, மேலே ஒரு கிளைக் கவையில் போட்டு இறக்கியது இன்னொன்று. ஒன்றை ரம்பம் அறுத்தாலும் மற்றது தாங்கும். இன்னொன்றும் உண்டு. ஏறுகிறவனைப் பார்த்து யாரும் "பாத்து" என்று சொல்லக்கூடாது. நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். கன்னியப்பன் என்னை மரியாதையோடு அப்பால் அழைத்துப்போய், "அவன் பாத்துக்கினுதான் மேடம் இருக்கான். நீங்க சொன்னா உங்களப் பாப்பான்" என்றான்.

தலைக்கவசம் போடச் சொன்னபோது மட்டும் சேட்டு ஒரு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். அதற்குள் கன்னியப்பன் குரல் நுழையவில்லை. ஒரு காலை முழுதும் கன்னியப்பன் ஒரு கிளையைச் சொல்ல, சேட்டு வேறொன்றை வெட்டினான். அப்படித்தான் கல்லூரியின் ஒரே சரக்கொன்றை மொட்டையானது. வேறு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு மழைக்குப் பிறகு சேட்டுவின் கால் வழுக்கியது. தண்டைச் சுற்றிய கயிறும் பெல்ட்டும் அவனைப் பிடித்துக்கொண்டன. அவன் மரத்தில் ஒருமுறை மோதி, கொஞ்ச நேரம் தொங்கி, பிறகு மேலேயிருந்தபடியே பீடி கேட்டான். அன்றிலிருந்து அவர்கள் பேச்சில் அது வெறும் பெல்ட்டாக இல்லை, "பாயம்மா பெல்ட்டு" ஆகிவிட்டது. ஆயுத பூஜையில் ரம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் அதை வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். உன்னிடம் சொன்னபோது, தோலில் ஈரச் சந்தனம் வைக்கலாமா என்று திட்டினாய். உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாய். எனக்குத் தெரியும்.

சேட்டுவுக்குக் கல்யாணமானது. அமுதா ஒரு ஷூ கம்பெனியில் பினிஷிங் பிரிவில் வேலை செய்கிறவள். அங்கே அவர்கள் வேலை என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீறலோ, சுருக்கமோ, நிறம் மங்கலோ எதுவாக இருந்தாலும் மெழுகும் வண்ணமும் துணியும் கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவார்கள். கைராசிக்காரி என்று கம்பெனியிலேயே பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் புருஷனுடைய பெல்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு தேய்ப்பாள். வேறு ஊரில் பெண்கள் புருஷனுக்கு ஸ்வெட்டர் பின்னுவார்களோ என்னவோ, இந்த ஊரில் இப்படித்தான். ஆண்டுகள் போகப் போக மற்றவர்களின் பெல்ட்டுகள் வெளிறி, வெடித்து, வயதைக் காட்டின. சேட்டுவுடையது மட்டும் நேற்றுத் தைத்ததுபோல மின்னிக்கொண்டிருந்தது.

சேட்டுவின் குழுவிலிருந்த பெருமாள் மரம் ஏறுவதை விட்டுவிட்டு ஆட்டோ வாங்கினான். பழைய பெல்ட்டை ஆட்டோவில் சாமான் கட்டும் வாராக மாற்றித் தரச்சொல்லி உன் பட்டறைக்குக் கொண்டுவந்தான். வளையத்தை எடுக்க உன் ஆள் தையலைப் பிரித்தார். அன்று நீ எனக்குப் போன் செய்தாய். நலம் விசாரிக்கவில்லை.

"ஏய், நாம செஞ்ச மை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. உன் பெட்ஷீட்டும் ஞாபகம் இருக்கு."

"அந்த பெட்ஷீட்டத்தான்டி இத்தன வருஷமா இவங்க இடுப்புல கட்டி அனுப்பிருக்கேன்."

மடிப்புக்கு வெளியே தோல் நன்றாக இருந்தது. உள்ளே, வளையம் படுகிற இடத்தில், கன்னங்கறேலென்று கறுத்து, விரலால் நிமிண்டினால் பொரித்த அப்பளம்போல நொறுங்கியது. பட்டையின் துவர்ப்பு, வளையத்தின் இரும்பு, மனித வியர்வை. நாம் இருவரும் பதினெட்டு வயதில் ஒரு குவளையில் கண்டதை அவர்களுடைய பெல்ட் மடிப்புக்குள்ளே வைத்துத் தைத்திருந்தோம். மடிப்பைப் பிரிக்காமல் பார்க்க முடியாது. பிரித்தால் பெல்ட் பெல்ட்டாக இருக்காது.

நீ அதைப் பற்றிப் புலம்பவில்லை. மறுநாளே கார் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய், கட்டட வேலைக்காரர்களுக்கும் மரம் ஏறுகிறவர்களுக்கும் என்று செய்த நைலான் பெல்ட்டுகளை, தொடையைச் சுற்றியும் வார் வருகிற வகை, அத்தனை பேருக்கும் வாங்கி வந்தாய். தலைமுறை தலைமுறையாகத் தோல் விற்ற குடும்பம். நீ நைலானை வாங்கிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்து உன் மைத்துனர் ஒருவர் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை என்றாய். அந்த வாரம் நிம்மதியாக இருந்ததாகவும் சொன்னாய்.

எல்லோரும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டார்கள். சேட்டு மட்டும் கொடுக்கவில்லை.

முதலில் சாக்குச் சொன்னான்: வீட்டில் இருக்கிறது, மறந்துவிட்டேன், நாளைக்கு. பிறகு நேராகவே சொன்னான். நைலான் பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்கிறது, உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரி இல்லை, பெருமாள் கவனிக்காமல் வைத்துக் கெடுத்துவிட்டான், என்னுடையதை வந்து பாருங்கள். நான் அவனுக்குத் துவர்ப்பையும் இரும்பையும் விளக்கினேன். ஆயுள் முழுவதும் வகுப்பெடுத்தவள் நான். புரிந்ததாகத் தலையாட்டும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மறுவாரம் மாணவியர் விடுதிக் கூரைமேல் சாய்ந்து நின்ற பெரிய கிளையை அவன்தான் இறக்க வேண்டும். உன் பெல்ட்டோடுதான் ஏறப்போகிறான் என்று கன்னியப்பன் என்னிடம் ரகசியமாகச் சொன்னான்.

உன்னிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வர்றேன். அவன் பொண்டாட்டியையும் வரச் சொல்லு" என்றாய்.

ஞாயிறு காலை நீ காரின் பின்புறத்தில் மணல் மூட்டைகளோடு வந்தாய். சேட்டுவின் எடைக்கு இரண்டு மடங்கு இருக்கும். மூட்டைகளை ஒன்றாகக் கட்டி, அதன் நடுவில் சேட்டுவின் பெல்ட்டை இறுக்கி, வளையங்களில் கயிறு மாட்டி, விடுதியோரத்து அதே மரத்தின் கவை வழியாகக் கன்னியப்பன் ஆட்களோடு சேர்ந்து மேலே இழுத்தான். உன் யோசனை எளிமையானது. அறுந்து விழுவதை அவன் தன் கண்ணால் பார்த்தால் போதும். சேட்டு எதிர்ப்புச் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த பையன்போல மார்பில் கைகட்டி நின்றான். அமுதா அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கன்னியப்பன் கயிற்றை விட்டான். மூட்டைகள் சரேலென இறங்கி, பாதியில், மறுநுனியை அடிமரத்தில் கட்டியிருந்த கயிறு சுண்டி நிறுத்த, கிளை முழுதும் அதிர்ந்து இலைகள் கொட்டின. மூட்டைகள் ஆடிக்கொண்டே நின்றன.

பெல்ட் அறுபடவில்லை.

இன்னொருமுறை விடச் சொன்னாய். விட்டான். தாங்கியது. யாரோ விசில் அடித்தார்கள். கன்னியப்பன்கூடச் சிரித்தான். நீ நான் கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அறுந்துபோக வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருந்தாய். அது தாங்கியபோது உன் முகத்தில் ஓடிய பெருமையை நீ மறைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"உங்க கைய நீங்களே நம்பலன்னா எப்டி பாயம்மா?" என்றான் சேட்டு. அதில் கேலியே இல்லை. அதுதான் இன்னும் மோசம். மூட்டையிலிருந்து பெல்ட்டைக் கழற்றி, மணலைத் தட்டிவிட்டு, தன் இடுப்பில் கட்டிக்கொள்ளப் போனான்.

நீ அவனைப் பார்க்கவில்லை. அமுதாவைப் பார்த்தாய்.

"உங்க கம்பெனில டெஸ்ட்டுக்குப் போற ஷூ இருக்குதே, அத அப்பறம் இன்னா பண்ணுவாங்க?"

"நடுவுல வெட்டி ஸ்கிராப்ல போட்டுருவாங்க பாயம்மா."

"பாஸ் ஆன ஷூவையுமா?"

"பாஸ் ஆனதத்தான் மொதல்ல வெட்டுவாங்க, டெஸ்ட்ல பட்ட அடி வெளில தெரியாது. ஃபெயில் ஆனத யாரும் எடுத்து பாக்ஸ்ல போட மாட்டாங்களே."

சொல்லி முடித்ததும் அவள் வாய் அப்படியே நின்றது. தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சேட்டுவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"குடு."

"ஏய், நீ தேச்சதுடி அது."

"நான்தான் தேச்சேன். உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கே தெரியாத அளவுக்குத் தேச்சு வெச்சிருக்கேன். குடு."

அவன் கொடுக்கவில்லை. அவளே அவன் கையிலிருந்து எடுத்தாள். அவன் பிடித்துக்கொள்ளவும் இல்லை. நீ உன் கைப்பையிலிருந்து தோல் அறுக்கும் கத்தியை எடுத்துக் கொடுத்தாய். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உலவும் ஒரே பெண்மணி நீயாகத்தான் இருப்பாய். எருமைத் தோல் லேசில் அறுபடவில்லை. அமுதா நாற்காலிக் கைப்பிடியில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். வலது வளையத்தின் மடிப்பு திறந்துகொண்டது.

உள்ளே சுத்தமாக இருந்தது. ஓரத்தில் லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். தேன் நிறத்தில் நல்ல தோல்.

"பாத்தீங்களா?" என்றான் சேட்டு.

"பாத்தேன். நல்லாதான் இருந்திருக்கு. வெட்டாம எப்டிடா தெரியும்?"

அமுதா இடது மடிப்பில் கத்தியை வைத்துக்கொண்டு, "இதயும் பிரிக்கட்டா பாயம்மா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றாய். "அதுவும் நல்லா இருந்தா இவன் என்ன உயிரோட வுட மாட்டான். கெட்டுக் கெடந்தா நான் இனிமே தூங்க மாட்டேன். வுட்டுடு."

அந்தப் பெல்ட்டின் இடது பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. என்னை வீட்டில் விடத் திரும்பும் வழியில் நீயே அதைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து எறிந்தாய். பாலாற்றில் போட இன்னும் ஒரு தோல்தான் குறைச்சல் என்று நான் சொன்னேன். வெகுதூரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "நல்லாதான் தச்சிருக்கேன் இல்ல?" என்று கேட்டாய்.

"வலது பக்கம் ஒரு தையல் கோணல்" என்றேன்.

"அது நான் தச்சது இல்ல" என்றாய் உடனே. பிறகு சிரிக்க ஆரம்பித்தாய். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். ஓட்டுநர் கண்ணாடியில் நம்மைப் பார்த்து, இரண்டு கிழவிகளுக்கும் என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்.

சேட்டு அடுத்த வாரம் நைலான் போட்டுக்கொண்டுதான் விடுதிக் கிளையை இறக்கினான். மூன்று நாட்களுக்கு அமுதாவோடு பேசவில்லையாம். கதை அதோடு முடியவும் இல்லை. இடுப்புப் பக்கம் தளர்வாக இருக்கிறதென்று, உனக்குத் தெரியாமல் உன் பட்டறைக்கே போய், உன் ஆளிடம் சொல்லி நைலான் பட்டியில் கூடுதலாக ஓர் ஓட்டை குத்திக்கொண்டு வந்துவிட்டான். நம் ஊரில் பெல்ட் தளர்ந்தால் ஓட்டை குத்துவார்கள். பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நைலானில் குத்தினால் இழைகள் அறுந்துபோகும், பட்டிக்குப் பாதி பலம்தான் இருக்கும் என்பதை உன் ஆளும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. நீ அதையும் அறுத்தாய். புதிதாக ஒன்று வாங்கி, அதை எப்படி இழுத்து இறுக்குவது என்று அவன் இடுப்பிலேயே கட்டிக் காட்டினாய். "இன்னொரு ஓட்டை போட்டியோ, உன் காதுல போடுவேன்" என்றாய். அவனுக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். அவர்கள் எதிரிலேயே சொன்னாய்.

நீ செய்தது சரி என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அதை நான் உன்னிடம் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அந்த நைலான் பெல்ட் அவனை ஒருமுறைகூடக் காப்பாற்றவில்லை. காப்பாற்ற வேண்டிய நிலைமை வரவில்லை. உன் தோல் பெல்ட் ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது; சோதனையில் இருமுறை தேறியிருக்கிறது. ஏட்டளவில் பார்த்தால் தோல்தான் ஜெயித்தது. நான் இப்படி வாதிடும்போதெல்லாம் நீ, "அவன் எங்க?" என்று கேட்பாய். ஏதாவது ஒரு மரத்தில் இருப்பான் என்பேன். "அவ்ளோதான்" என்பாய்.

போன ஆண்டு நீ போனது எல்லோரும் போவதுபோலத்தான். இதயம், மருத்துவமனை, இரண்டு நாள். அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. உங்கள் வழக்கப்படி பெண்கள் அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் போவதில்லை என்பதால் நான் உன் வீட்டிலேயே உன் மருமகள்களோடு உட்கார்ந்திருந்தேன். சேட்டுவும் கன்னியப்பனும் போனார்கள். திரும்பி வந்த சேட்டு, தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே என் அருகில் வந்து குனிந்தான். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறான் என்று எரிச்சலோடு நிமிர்ந்தேன்.

"பாயம்மாக்கு நேர் மேல ஒரு வேப்பங்கெள நிக்குது மேடம். காஞ்சது. காத்தடிச்சா எறங்கிடும். யாரைக் கேக்கணும்?" என்றான்.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். உன் மகன் ஜமாஅத்தில் சொல்லி அனுமதி வாங்கித் தந்தான். அந்த வாரமே போய்க் கிளையை, ஒரு கபரின் மேலும் சுள்ளி விழாமல், கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கிவிட்டு வந்தார்கள். வந்து சொன்னபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சின்ன மரம், தாழ்ந்த கிளை. பெல்ட் போட்டுத்தான் ஏறினாயா என்று கேட்டேன்.

"பாயம்மா கீழ இருக்காங்க" என்றான். "போடாம ஏறுவேனா?"

இன்று மத்தியானம் வேலை முடிந்து அவர்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து என் அலுமினிய ஏணியை எடுத்துப்போகச் சொன்னேன். முருங்கைக்கும் பரணுக்கும் இத்தனை ஆண்டுகளாக நான் ஏறுகிற ஏணி. நேற்றுகூட ஏறினேன். தடுமாறவில்லை, தலை சுற்றவில்லை. டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. என் மகள் அமெரிக்காவிலிருந்து ஆண்டுக்கணக்காகக் கெஞ்சியும் நான் விடாத ஏணி அது.

சேட்டு ஏணியைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான்.

"நல்லாதானே மேடம் ஏறினுகீறீங்க?"

"ஆமாம்" என்றேன். "அதனால்தான் இப்பவே கொடுக்கறேன்."

அவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.